கட்டைவிரல் எந்தப் பக்கம்?

கைதிருத்தி என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் வெங்காயம் நறுக்கினாலும், வண்டியைப் பின்னால் எடுத்தாலும், பச்சைக் குழந்தையைத் தூக்கினாலும், "கையை அப்படி வெக்காதீங்க" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறதே, அதுதான். எங்கும் விளையும் இனம் என்றாலும், குத்துச்சண்டைக் கூடத்தில் கொழுப்பதுபோல் வேறெங்கும் கொழுப்பதில்லை.

நம்மவர் டைல்ஸ் கடை மேனேஜர். தொப்பையைக் குறைக்கக் கூடத்தில் சேர்ந்தவர், அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்தவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கழுத்தில் ஒரு துண்டு. அது நனைந்து பார்த்தவர் இல்லை. வலது கையில் டீ கப். யாராவது குத்துப்பையின் மேல் ஒரு ஹூக் போட்டுவிட்டால் போதும், எழுந்து வந்துவிடுவார். பக்கவாட்டில் வளைந்து வருகிற அந்தக் குத்துக்கு முழங்கை செங்கோணமாக மடங்கவேண்டும், தோள் உயரத்துக்கு எழவேண்டும், முன்கால் சுழலவேண்டும், இடுப்பும் கூடவே வரவேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக உள்ளங்கை தரையைப் பார்க்கவேண்டும் என்று இடது கையால் காற்றைச் சாத்திக் காட்டுவார். காற்று ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. அடிக்காத கை தாடையைக் காக்கவேண்டும் என்பது மட்டும் அவர் பாடத்தில் கிடையாது. அந்தக் கையில்தான் டீ இருக்கிறதே.

கூடத்தில் அவருக்குக் கோணமானி என்று பெயர். அதை விருதாகவே எடுத்துக்கொண்டார்.

யாருக்கும் நஷ்டமில்லாமல் இப்படியே போயிருக்கும். ஆனால் அவருக்கு ஒரு மச்சினி இருந்தாள். மனைவியின் தங்கை, அதே கூடத்தில் குத்துச்சண்டை பழகுபவள்; வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இறுதிச் சண்டை. ஜெயித்தால் நகர அணியில் இடம், தோற்றால் இன்னொரு வருஷம் பெஞ்சில். அவள் சொத்தெல்லாம் ஓர் இடது ஹூக். கட்டைவிரல் மேலே இருக்க, கப்பைப் பிடித்ததுபோல் அடிப்பாள். கோச் அம்மாவும், உள்ளங்கை கீழே பார்த்தாலும் சரி, உள்ளே பார்த்தாலும் சரி, உனக்கு எது வருகிறதோ அதுவே போதும் என்று விட்டிருந்தார்.

அத்தான் விடுவாரா? சாப்பாட்டு மேஜையில் கட்டைவிரல், காரில் கட்டைவிரல், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றும் கட்டைவிரல். மரியாதை தெரிந்த பெண், கேட்டுத் தொலைத்தாள். விளைவு? அடிக்குமுன் தன் கையை ஒருமுறை பார்க்க ஆரம்பித்தாள். போன் செய்துவிட்டு வரும் விருந்தாளியைப்போல அவள் ஹூக் வரும் நேரம் எதிராளிக்கெல்லாம் தெரிந்தது. ஒன்றும் விழவில்லை.

ஞாயிறும் வந்தது. சண்டைக்குச் சற்று முன் நடுவர்கள் அழைத்துக் கோச் வெளியே போக, உடம்பைச் சூடேற்றும் அறைக்குள் நுழைந்தார் நம்மவர். குத்து வாங்கும் திண்டுகளை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டார்.

"அடிம்மா. கையை நீ பாக்காத. அதை நான் பாத்துக்கறேன்."

வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. அவள் பார்க்கவில்லை. அவர் பார்த்தார். கட்டைவிரல் எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியவேண்டுமே என்று திண்டைக் கீழே இறக்கிக் குனிந்து பார்த்தார்.

தொப்.

தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு வாளி உருண்டுகொண்டிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் மட்டும் சிரித்தது.

"அய்யோ அத்தான், வலிக்குதா?" என்றவள், அடக்கமுடியாமல், "ஆனா நல்லா வந்துச்சுல்ல?" என்றாள்.

"வந்துச்சு. கட்டைவிரல் எப்படி இருந்துச்சு?"

"தெரியலையே. நீங்கதான பாத்தீங்க?"

"எனக்கும் தெரியலம்மா" என்றார் அவர், முதன்முறையாக.

இரண்டாம் சுற்றில் அதே ஹூக் மேடையில் விழுந்தது. அணியில் இடமும் விழுந்தது. நம்மவர் திருந்தினாரா? வீங்கிய கன்னத்தில் ஐஸ் பையை அழுத்திக்கொண்டு, பின்வரிசைக்காரரிடம் திரும்பி, "அந்தக் குத்தை நான் நேர்ல வாங்கிப் பாத்து, சரின்னு சொல்லி அனுப்பினேன்" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துவரும்போது நடுவில் எங்கோ உங்கள் இடது கை தானாக எழுந்து, முழங்கை மடங்கி, 'இவன் எழுதியது தப்பு, கட்டைவிரல் இப்படித்தான் இருக்கணும்' என்று ஒரு சுழற்று சுழற்றியதே, அதை நானும் கவனித்தேன்.

அதுசரி, உங்கள் வலது கை எங்கே இருந்தது?