சிங்கக் கடை அம்மா கூப்பிடவே இல்லை

நாஹா, ஒகினாவா தீவு
வியாழக்கிழமை

கயத்தாறு டயர்க் கடை சாமித்துரை சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு, கோவில்பட்டி சண்முகராஜ் ஜப்பானிலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே பிள்ளைகள் வீட்டில் நானும் ஜானகியும் நலம். உங்கள் மகள் சுதாராணி நலம், உங்கள் மாப்பிள்ளை மணிராஜ் நலம். அங்கே உங்கள் நலமும், புது வீட்டின் நலமும், முக்கியமாக வாசல் தூண்கள் இரண்டின் நலமும் அறிய ஆவல்.

இதை வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பியிருக்கலாம். ஆனால் நீங்கள் அதைக் கடையில் சத்தமாகப் போட்டுவிடுவீர்கள். பஞ்சர் ஒட்ட வந்த லாரி டிரைவர் வரைக்கும் கேட்டுவிட்டு அபிப்பிராயம் சொல்வார்கள். விஷயம் குடும்ப மானம் சம்பந்தப்பட்டது என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் புறப்படும்போது நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. இந்தத் தீவில் திருஷ்டிக்காக வீட்டுக்கு வீடு மண்ணால் செய்த ஜோடிச் சிங்கம் வைத்திருப்பதைப் போட்டோவில் பார்த்துவிட்டு, "எனக்கு அந்த ரெண்டு சிங்கம் போதும் சம்பந்தி" என்றீர்கள். அடுத்த மாதம் பால் காய்ச்சு. தூண் இரண்டையும் மொட்டையாக விட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள். கோவில்பட்டியில் நாங்கள் வைத்த கல்யாண வரவேற்பில் உங்கள் இலைக்கு மட்டும் பாயசம் வராமல் போனதையும், அதை நீங்கள் இந்நாள்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருவதையும் நான் மறக்கவில்லை. அந்தப் பாயசக் குறையைச் சிங்கத்தைக் கொண்டு அடைத்துவிடலாம் என்றுதான் கங்கணம் கட்டிக்கொண்டு வந்தேன்.

நேற்றுக் காலை நானும் ஜானகியும் மண்பாண்டக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் புறப்பட்டோம். சுதா தானும் வருவதாகச் சொன்னாள். "நீ வந்தா கேட்ட விலையக் குடுத்துருவ தாயி, வீட்லயே இரி" என்று ஜானகி தடுத்துவிட்டாள். நானோ தீப்பெட்டிக் கம்பெனியில் காலமெல்லாம் கட்டை கொள்முதல் பார்த்தவன். கேரளத்து மரவியாபாரிகளையே கண்கலங்க வைத்தவன். கடையில் அருமையான ஜோடி ஒன்று இருந்தது. ஒரு சிங்கம் வாயை மூடியிருந்தது, இன்னொன்று ஆவென்று திறந்திருந்தது. "ஏங்க, அப்படியே சம்பந்தி பாயசம் கேக்குத மாதிரியே இருக்கு" என்றாள் ஜானகி. பாசத்தில் சொன்னதுதான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைக்கார அம்மா கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டினார். நான் முறைப்படி அதில் பாதியை அடித்தேன். நான் தவறுதலாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்து, அந்த அம்மா சிரித்த முகத்தோடு பழைய விலையையே மறுபடி அடித்துக் காட்டினார். நான் மறுபடி பாதியை அடித்தேன். அவர் கால்குலேட்டரில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, உள்ளே போய் வேறொன்று கொண்டுவந்தார். சரி, இனி நம் கடைசி ஆயுதம்தான் என்று, "வேண்டாம்மா" என்று கையை விரித்துவிட்டு நடந்தேன். நம் சந்தையில் என்றால் பத்தடி போவதற்குள் "அண்ணாச்சி, இங்கன வாங்க! என்னதான் தருவிய?" என்று குரல் வந்துவிடும். இங்கே வரவில்லை. "திரும்பிப் பாத்துராதிய! பாத்தா விலை எறங்காது" என்றாள் ஜானகி. அதனால் பார்க்காமலே நடந்தோம், சம்பந்தி. தெரு முடிந்தது, குரல் வரவில்லை. திரும்பினால் கௌரவம் போய்விடும் என்பதால் நேரே போய், ஒரு சந்தைக்குள் நுழைந்து, ஊரைச் சுற்றி அதே தெருவின் மறுமுனைக்கு வருவதாக ஏற்பாடு.

சந்தையில் நீல நிறத்தில் மீன் விற்கிறார்கள். பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு ஜானகி விரலால் தேய்த்துப் பார்த்தாள், போகவில்லை. சீனி போட்டுப் பிசைந்த மாவு உருண்டையைப் பொரித்துத் தருகிறார்கள், நம் சுழியத்துக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கிறது, ஆனால் உள்ளே பூரணம் இல்லை. ஆளுக்கு மூன்று தின்றோம். இன்னொரு கடையில் ருசி பார்க்கக் கொடுத்ததை வாயில் போட்ட ஜானகி அப்படியே நின்றுவிட்டாள். "ஏங்க, இது நம்மூரு கடலை மிட்டாய உதுத்துப் போட்டதுலா!" வாஸ்தவம்தான். கடலையைக் கருப்பட்டி போன்ற சர்க்கரையில் புரட்டி, தங்கள் தீவுப் பண்டம் என்று விற்கிறார்கள். பெட்டி நிறையக் கடலை மிட்டாய் சுமந்து, விமானத்தில் பாரம் அதிகம் என்று சட்டை துணிமணியை எடுத்துப் போட்டுவிட்டு வந்தவன் நான். அங்கேயே உட்கார்ந்து அழலாம் போலிருந்தது.

தற்செயலாக வந்தவர்கள் போலச் சிங்கக் கடையை மறுபடி கடந்தோம். அந்த அம்மா குனிந்து கும்பிட்டார், கூப்பிடவில்லை. உள்ளே போய்ப் பாதியை அடித்துக் காட்டிவிட்டு மறுபடி நடந்தோம். இந்த முறை பின்னால் தடதடவென்று ஓடிவரும் சத்தம் கேட்டது. "சொன்னேன்லா!" என்று ஜானகி என் கையைக் கிள்ளினாள். வந்தது அந்த அம்மாதான். நான் மறந்து வைத்துவிட்ட மஞ்சள் பையைக் கொடுத்துவிட்டுக் கும்பிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. பொருளை விட்டுவிட்டு வந்தால் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும்? அடுத்த சுற்றில் குடையை விட்டேன். ஓடிவந்து கொடுத்தார். அதற்கடுத்து மூக்குக் கண்ணாடியை விட்டேன்.

கண்ணாடி வரவில்லை. போலீஸ் வந்தது. வீட்டுக்கு வழி தெரியாமல், பொருளையெல்லாம் தவறவிட்டுக்கொண்டு, வயசாளிகள் இரண்டு பேர் தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று அந்தப் புண்ணியவதி தகவல் சொல்லியிருக்கிறார். பிள்ளை போலிருந்த போலீஸ்காரர் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்து, மணிராஜை வரவழைத்து ஒப்படைத்தார். கண்ணாடியும் இல்லை. சிங்கமும் இல்லை.

ஆகவே சம்பந்தி, எவ்வளவு தூரம் நடந்தாலும் இந்த நாட்டில் யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். தற்போதைக்குத் தூணுக்கொரு பூசணிக்காய் வைத்துப் பால் காய்ச்சிக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஒரு வார்த்தை கொடுத்து அதைக் காப்பாற்ற முடியாமல் போனதில் எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மாளுக்கு எங்கள் வணக்கம். கழுகுமலை முருகன் துணையால் உங்கள் வீட்டில் என்றும் பால் பொங்கட்டும்.

இப்படிக்கு,
தலைகுனிந்து,
சண்முகராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பு, என் கண்ணாடியை வாங்கிவரலாம் என்று இன்று மத்தியானம் கடைக்குப் போனோம். கண்ணாடியைத் துடைத்து, காகிதத்தில் சுற்றித் தந்தார். பழக்கதோஷத்தில் பாதியை அடித்துக் காட்டிவிட்டு நடந்தேன். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து, "அண்ணாச்சி! இங்கன வாங்க!" அந்த அம்மா குரலேதான் சம்பந்தி! ஜானகி, "திரும்பாதிய, ரெண்டாந்தரம் கூப்புடட்டும்" என்று பிடித்துக்கொண்டாள். இரண்டாம் தரமும் கூப்பிட்டார். பாதி விலைக்குச் சிங்கம் இரண்டும் வந்துவிட்டன. பெட்டியில் கடலை மிட்டாய் இருந்த இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன.

ஜானகி ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நீங்கள் மூச்சு விடக் கூடாது. சிங்கம் இருந்த அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்ற உங்கள் மகளின் செருப்பை நான் பார்த்தேன். காலையிலேயே போய், மீதிப் பாதியைக் கொடுத்து, 'அண்ணாச்சி'யையும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கேட்டதற்கு, "நேத்து உங்க மொகத்தப் பாக்க முடியல மாமா" என்கிறாள். இப்படி ஒரு பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். பால் காய்ச்சு விருந்தில் என் இலைக்குப் பாயசம் வேண்டாம், சம்பந்தி. என் பங்கையும் நீங்களே குடியுங்கள்.