மாமனார் மறைவு: முப்பத்தேழு சதவீதம்

காலை ஒன்பது மணிக்குப் பல் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. பதினோரு சதவீதம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த டோக்கன்காரர் உடனே மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"நேத்து ஒழுங்கா ஷட் டவுன் பண்ணீங்களா சார்?"

"பண்ணினேனே..."

"பண்ணியிருந்தா இது வராதே. பாதியில கரண்ட் போனா, 'ஒழுங்கா மூடல'ன்னு உள்ள ஒரு குறி நின்னுடும். மறுபடி ஆன் பண்ணதும் அதைப் பாத்துட்டு, எல்லா ஃபைலும் அதது இடத்துல இருக்கான்னு ஒவ்வொண்ணா சரிபாக்கும். விட்டுடுங்க. நடுவுல மட்டும் நிறுத்திடாதீங்க."

கரண்ட் எங்கேயும் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிய புண்ணியவான் டோக்கன்காரர்தான்.

நேற்று மாலை அவர் மனைவி போனில் சொன்னாள்: "அப்பாவுக்குப் பல்வலி. காலையில உங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்பறேன், பாத்துக்கோங்க."

பார்த்துக்கொள்வதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஆஸ்பத்திரியைப் பொறுத்தவரை அந்த மனிதர் செத்து ஒன்றரை வருஷமாகிறது. 'மாமனார் கவலைக்கிடம்', 'மாமனார் மறைவு', 'மாமனார் நினைவு நாள்' என்று மூன்று லீவு லெட்டர்களை இதே கம்ப்யூட்டரில் அடித்தவர் டோக்கன்காரர். மறைவுச் செய்தி கேட்டு டாக்டரம்மா பல் குடையும் மெஷினை நிறுத்திவிட்டு இரண்டு நிமிஷம் மௌனமாக நின்றாராம். அந்த நேரத்தில் டோக்கன்காரர் வீட்டில் மாமனாரோடு கேரம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். நினைத்தால் இப்போதும் காது மடல் சூடாகும்.

தடயத்தை அழிக்க நேற்று அந்த லெட்டர்களை நீக்கிக்கொண்டிருந்தபோதுதான் முதுகுக்குப் பின்னால் டாக்டரம்மாவின் குரல் கேட்டது. "இன்னும் கிளம்பலையா?" பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

இப்போது பதினெட்டாவது சதவீதத்தில் திரை ஒரு வரி எழுதியது. அனாதையாகக் கிடந்த ஒரு ஃபைலை மீட்டுவிட்டதாம். பெயர்: மாமனார் கவலைக்கிடம்.

அதே நொடியில் ஹாலில் சிரிப்பு வெடித்தது.

டோக்கன்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டோக்கன் நம்பர் காட்டுவதற்காக இந்தக் கம்ப்யூட்டரை ஹால் டிவியோடு இணைத்திருந்தார்கள். அந்த டிவி கூண்டுக்கு மேலே, ஹாலைப் பார்த்து மாட்டியிருந்தது. உள்ளேயிருந்து அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அண்ணாந்து பார்க்கும் முகங்கள்தான். இரண்டாவது வரிசையில் வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி மாமனார்!

பட்டென்று ஸ்விட்சை அணைத்தார். மறுபடி போட்டார். முதலிலிருந்து எண்ணியது. இந்தத் தடவை முப்பத்தேழில் 'மாமனார் மறைவு' வந்தது. சிரிப்பு இரண்டு மடங்கானது.

பெருக்குகிற அக்கா துடைப்பத்தோடு வந்து கண்ணாடியைத் தட்டினாள். "சார், அந்த டிவி..."

"தெரியும், தெரியும்! போங்கக்கா!"

மறுபடி அணைத்தார், போட்டார். மூன்று லெட்டரும் வரிசையாக வந்து நின்றன. மெக்கானிக் போனில் தலையில் அடித்துக்கொண்டார். "நிறுத்த நிறுத்த இன்னும் நாலு ஃபைல் கெடும் சார்!"

கடைசியில் தன் முன்னால் இருந்த திரையை மட்டும் அணைத்தார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ஹால் குலுங்கியது. மாமனார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் சாவைப் பார்த்தே சிரிக்கிறாரே மனுஷன், அவரையா கொன்றோம் என்று டோக்கன்காரர் கூனிக் குறுகிப்போனார்.

"என்ன இங்க இவ்வளவு கூத்து?" டாக்டரம்மா வெளியே வந்தார். டிவியை அண்ணாந்து பார்த்தார். அவரும் சிரித்தார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. டோக்கன்காரர் கூண்டை விட்டு ஓடிவந்து கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க டாக்டரம்மா! மாமா சாகவே இல்ல. இதோ உக்காந்திருக்காரே, இவர்தான். லீவுக்காக நான்தான் இவரைப் படுக்க வெச்சு, சாகடிச்சு, நினைவு நாளும் கொண்டாடினேன்!"

எல்லா முகமும் அவர் பக்கம் திரும்பியது. மாமனார் மெதுவாகக் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"எப்ப மாப்பிள்ளை செத்தேன்?"

"போன வருஷம் ஒருநாள்... கேரம்ல மூணு ஆட்டமும் நீங்க ஜெயிச்சீங்களே மாமா. அன்னைக்குத்தான்."

"ரெண்டு நிமிஷம் எழுந்து நின்னேனேய்யா!" என்றார் டாக்டரம்மா. "ஒரு பேஷன்டை வாயைப் பொளந்தபடியே உக்கார வெச்சுட்டு நின்னேன்!"

டோக்கன்காரர் தரையைப் பார்த்தார். தரை பிளக்கும் வழியைக் காணோம்.

"இதையெல்லாம் எதுக்கு சார் இப்ப, இத்தனை பேர் முன்னால சொல்றீங்க?" என்று பெருக்குகிற அக்கா கேட்டாள்.

"அதான் எல்லாரும் டிவியில பாத்து சிரிச்சாச்சே! இனிமே என்ன மறைக்க?"

"ஐயோ சார், அதைச் சொல்லத்தானே வந்தேன்! பிள்ளைங்க அழுதுதுங்கன்னு காலையிலயே உங்க கம்ப்யூட்டர் வயரைக் கழட்டிட்டு, டிவியில கார்ட்டூன்தானே போட்டு வெச்சிருக்கேன்!"