ஜன்னல் கோட்பாடும் அறுபது தாய்மார்களும்

"மூன்றே நாளில் முழு ஆய்வாளர்! சமூக அறிவியல் ஆய்வு முறைகளில் குறுகியகாலப் பயிற்சி. நட்சத்திரம் உறுதி!"

பேருந்து நிறுத்தத்தில் இந்த அறிவிப்பு. நூலக வாசலில் இதே அறிவிப்பு. பல் மருத்துவர் வீட்டு மாடிப்படியில்கூட இதுதான். பல்லைப் பிடித்துக்கொண்டு ஏறியவர்களும் ஒரு நிமிடம் நின்று படித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

நட்சத்திரம் என்றால் வானத்தில் மின்னுவது அல்ல. புள்ளிவிவரக் கணக்கில் ஒரு முடிவு வெறும் தற்செயலாக வருவதற்கு இருபதில் ஒரு வாய்ப்புதான் என்றால், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். அந்தக் குறி விழுந்துவிட்டால் கட்டுரை அச்சேறும், பட்டம் கிடைக்கும், பதவி உயரும். விழாவிட்டால் சீந்த நாதியில்லை. ஏழு வருடமாகப் பட்டம் முடிக்காதவர்கள், கட்டுரை திரும்பி வந்த பேராசிரியர்கள், அறிக்கை எழுதத் தெரியாத தொண்டு நிறுவனத்தார் என்று மொத்தம் இருநூறு பேர் மண்டபத்தில் குவிந்திருந்தார்கள். எல்லாரும் படித்தவர்கள். சாதாரண ஜனங்கள் ஏமாந்தால் பாமரர் என்பார்கள். இவர்களை என்னவென்று சொல்வது? பங்கேற்பாளர்கள் என்றுதான் அட்டையில் போட்டிருந்தது.

கடைசி வரிசையில் கதவுதட்டி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். ஆய்வு நிறுவனம் ஒன்றில் வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பி வருவது அவள் வேலை. பதினொரு வருடத்தில் தேய்ந்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. போன மாதம் தையல் ஆலைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் முந்நூற்றுப் பன்னிரண்டு தாய்மார்களைப் பார்த்துப் பேசியிருந்தாள். நகராட்சி நடத்தும் குழந்தைக் காப்பகத்தைத் தொடர்வதா, மூடுவதா என்பதை அவளுடைய நிறுவனத்தின் அறிக்கையை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவளுடைய சொந்த அக்கா அந்த ஆலை ஒன்றில் தைக்கிறாள். அக்காவின் இரண்டு வயதுக் குட்டி அந்தக் காப்பகத்தில்தான் பகல் முழுக்க இருக்கிறது.

"உனக்குக் கதவு தட்ட மட்டும்தான் தெரியும். முறை தெரிய வேணாமா?" என்று சொல்லி இயக்குநர்தான் அவளை இங்கே இழுத்து வந்திருந்தார். இயக்குநர் கெட்டவர் அல்ல. பெரிய வார்த்தை கேட்டால் உருகிவிடுவார், அவ்வளவுதான்.

மேடையில் நட்சத்திர ஆசான் தோன்றினார். கறுப்புக் கோட்டு. மணிக்கட்டில் நீலக் கயிறு.

"தரவுக்கு உயிர் இருக்கு! அதை மிரட்டினா பேசாது. கொஞ்சினா பேசும்!" என்றார்.

இருநூறு பேரும் குறிப்பெடுத்தார்கள்.

கணினியை வடக்கு பார்த்து வைக்க வேண்டும். கட்டளையை வலது கை மோதிர விரலால் தட்ட வேண்டும். கோப்பு திறக்கும்போது யாராவது தும்மினால் மூடிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு பேராசிரியை எழுந்து, "ஐயா, எனக்கு இடதுகைப் பழக்கம். என் தரவு கோவிச்சுக்குமா?" என்று குரல் நடுங்கக் கேட்டார். ஆசான் கண்ணை மூடி யோசித்து, அவர் மணிக்கட்டில் ஒரு நீலக் கயிற்றைத் தனி விலைக்குக் கட்டிவிட்டார். மற்றவர்களும் வரிசையில் நின்று கட்டிக்கொண்டார்கள்.

எத்தனை பேரைக் கேட்பது, யாரைக் கேட்பது, கேள்வியை எப்படிக் கேட்டால் பதில் கோணாமல் வரும் என்பதைப் பற்றி மூன்று நாளும் பேச்சே இல்லை. அதெல்லாம் செருப்பு தேயும் சமாசாரம்.

இரண்டாம் நாள் பிற்பகல் நட்சத்திர தரிசனம். அவரவர் தரவைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆசான் கணினி மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பெருமூச்சு விடுவார். பிறகு அவருடைய மச்சான் கணினியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். "தரவுக்குத் தனிமை வேணும்" என்பது விளக்கம். உள்ளே அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடும். கொஞ்ச நேரத்தில் மச்சான் ஒரே ஒரு தாளோடு வெளியே வருவார். அதில் நட்சத்திரம்! கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

இயக்குநர் முறை வந்தது. கதவுதட்டியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் திரைக்குப் பின்னால் போய்த் திரும்பினார்கள்.

"வீட்டில் காற்றோட்டம் உள்ள தாய்மார்களுக்குக் காப்பகத்தில் நாட்டம் குறைவு. நட்சத்திரம்!" என்று முழங்கினார் ஆசான். "அம்மாக்களோட ஆழ்மனசு கேக்கிறது காப்பகம் இல்லை, ஜன்னல்!"

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜன்னல் கோட்பாடு! காப்பகத்தை மூடிட்டு வீட்டுக்கு ஒரு ஜன்னல் வெச்சுக் குடுக்கச் சொல்லி எழுதிடலாம். நாளைக்குச் சான்றிதழ் விழாவுக்கு நகராட்சி ஆணையர் அம்மா வர்றாங்க. மேடையிலயே அறிக்கையைக் குடுத்துடுவோம்."

"சார், இருநூத்தி எழுபத்தோரு பேர் காப்பகம் வேணும்னு வாயால சொன்னாங்க. நான் நேர்ல கேட்டேன்."

"அது வெறும் எண்ணிக்கைம்மா. நட்சத்திரம் இல்லையே!"

அவள் எழுந்துவிட்டாள். வெளியே வந்து, மண்டப வாசலில் கடலை வறுப்பவரிடம் ஒரு பொட்டலம் வாங்கினாள். இரண்டு கடலை வாயில் போன பிறகுதான் பொட்டலத் தாளைப் பார்த்தாள். மேலே "312 பேர்" என்று அச்சாகியிருந்தது. கீழே, "தூக்கம், அண்டை வீட்டார்மேல் நம்பிக்கை: தொடர்பு இல்லை." நட்சத்திரமும் இல்லை.

அவளுடைய தரவு! சுடச்சுடக் கடலையோடு!

"அண்ணே, இந்தத் தாள் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"உள்ள ஒரு மச்சான் இருக்காரே, அவருதான் அப்பப்ப ஒரு மூட்டை கொண்டாந்து போடுறாரு, இப்பக்கூட ஒண்ணு போட்டாரு. ஒரு பக்கம் வெள்ளை, நல்ல மொத்தத் தாளு. ஏம்மா, கடலை கருகிடுச்சா?"

"கடலை நல்லாத்தான் இருக்கு. இன்னும் நாலு குடுங்க."

நான்கிலும் நட்சத்திரம் இல்லை. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கேள்வித்தாளில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஜோடி சேர்த்தால் நூற்றுத் தொண்ணூறு ஜோடி. இருபதுக்கு ஒன்று வீதம் ஒன்பது பத்து ஜோடியில் சும்மாவே நட்சத்திரம் விழும். மச்சான் ஒவ்வொன்றாக அச்சடித்துப் பார்க்கிறார். நட்சத்திரம் விழுந்த தாள் மேடைக்குப் போகிறது. மற்றதெல்லாம் கடலைக்குப் போகிறது.

அன்று மாலை அக்கா வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

"ஜன்னலா?" என்றாள் அக்கா. "அந்த ஜன்னலா குட்டிக்குச் சோறு ஊட்டும்? நான் வேலையை விட்டுட்டு ஜன்னல்ல உக்காந்து காத்து வாங்கவா? அந்த ஆசானைக் கொண்டா இங்க, தையல் மிஷின்ல ஒரு ஓட்டு ஓட்டிடுறேன்."

"வேணாங்க்கா. பக்கத்து வீடுகள்ல கேட்டு அஞ்சு பகடை வாங்கிட்டு வா."

ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண். ஒன்று என்றால் துளியும் இல்லை, ஆறு என்றால் நூற்றுக்கு நூறு. பகடைக்கும் ஆறு முகம்தான். அக்கா குலுக்கினாள், இவள் எழுதினாள். குட்டி அவ்வப்போது ஒரு பகடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஆய்வுக்குத் தன்னால் ஆனதைச் செய்தான். ஆளுக்கு ஒரு வரிசை என்ற கணக்கில் அறுபது வரிசை, வரிசைக்கு இருபது கேள்வி. முடிந்ததும் இன்னொரு அறுபது வரிசை. இரண்டையும் நிறுவனத்தின் கணினியில் ஏற்றிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. ஆணையர் முன்வரிசையில் இருந்தார். இயக்குநர் ஜன்னல் அறிக்கையை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தில் இருந்தார். கடைசி தரிசனத்துக்கு ஆசான் ஆள் கூப்பிட்டதும் கதவுதட்டி கணினியோடு மேடை ஏறினாள்.

"அதே கேள்வித்தாள்தான் ஐயா. புதுசா அறுபது வரிசை."

ஆசான் உள்ளங்கையை வைத்தார். பெருமூச்சு விட்டார். யாரைக் கேட்டாய், எங்கே கேட்டாய் என்று ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். திரைக்குப் பின்னால் இயந்திரம் கரகரத்தது. நேற்றைவிட நிறையவே கரகரத்தது. மச்சான் வியர்வையோடு ஒரு தாளை நீட்டினார்.

"ஆகா! நல்லாத் தூங்குற தாய்மார்கள் அண்டை வீட்டாரை நம்புறதில்லை! நட்சத்திரம்!"

"எங்க அம்மாவும் அப்படியேதான்!" என்று இடதுகைப் பேராசிரியை விம்மினார்.

"இந்தத் தாய்மார்களைப் பத்தி இன்னும் ஏதாவது தெரியுதா ஐயா?" என்றாள் கதவுதட்டி.

ஆசான் கண்ணை மூடினார். "தெரியுது. சின்ன வயசுல யாரோ ஏமாத்தியிருக்காங்க. மனசு உடைஞ்ச அறுபது பெண்கள். அவங்க அழுகை என் காதுல கேக்குது."

அவள் கைப்பையைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். ஐந்து பகடைகள் உருண்டன. ஒன்றில் பல் தடம் இருந்தது.

"இவங்கதான் ஐயா அந்தத் தாய்மார்கள். நேத்து சாயங்காலம் எங்க அக்கா குலுக்கினா, நான் எழுதினேன்."

 ஆனால் ஆசான் லேசுப்பட்ட ஆளா?

"பகடைக்கும் ஆழ்மனசு உண்டு!" என்றார்.

நம்புங்கள், பாதி மண்டபம் தலையாட்டியது. நான்கைந்து பேர் அதையும் குறிப்பெடுத்தார்கள்.

"சரி, உண்டுன்னே வெச்சுக்குவோம்" என்றாள் அவள். "அதே பகடைதான், இன்னொரு அறுபது வரிசை இதோ இருக்கு. ஆழ்மனசு ஒரே ராத்திரியில மாறாதே. அதே தூக்கம், அதே அண்டை வீடு, அந்த ஒரே ஜோடியை மட்டும் பாருங்க. திரை வேணாம். எல்லாரும் பாக்கட்டும்."

"தரவுக்குத் தனிமை..."

"தரவுக்கு வெக்கமெல்லாம் கிடையாது. திரையை விலக்குங்க" என்றார் ஆணையர்.

திரை விலகியது. மச்சான் முழங்காலில் உட்கார்ந்து மூட்டைக்குள் தாள்களைத் திணித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது அறுபதை எல்லார் முன்னாலும் ஓட்டினார்கள். தூக்கத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நட்சத்திரம் போன இடம் தெரியவில்லை. ஆணையர் மேடையேறி, முதல் அறுபதின் கழிவுத் தாள்களை மூட்டையிலிருந்து எடுத்து எண்ணினார். இருபத்தாறு.

"இருபத்தாறு தடவை ஒண்ணும் கிடைக்கலை. இருபத்தேழாவதுல கிடைச்சதும் நிறுத்திட்டீங்க. அப்படித்தானே?"

"நூத்தித் தொண்ணூறு கதவைத் தட்டினா ஒன்பது பத்து கதவு சும்மாவே திறக்கும்மா" என்றாள் கதவுதட்டி. "திறந்த ஒரு கதவை மட்டும் காட்டி, ஊரே என்னை விருந்துக்குக் கூப்பிட்டுதுன்னு சொல்றாரு. எங்க ஜன்னலும் அப்படி வந்ததுதான். கழிச்ச தாள் வெளியில கடலைப் பொட்டலமா இருக்கு, வாங்கிப் பாருங்க."

ஆசானை எல்லாரும் தேடினார்கள். ஆழ்மனத்தோடு அவரும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டியிருந்தார். மச்சான் மட்டும் மூட்டையோடு மாட்டிக்கொண்டார்.

ஆணையர் இயக்குநர் பக்கம் திரும்பினார். "நீங்க எத்தனை பேரைக் கேட்டீங்க? எத்தனை பேர் காப்பகம் வேணும்னாங்க?"

 இயக்குநர் ஜன்னல் அறிக்கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்தார். பிறகு, அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். "அவளைக் கேளுங்க மேடம்" என்றார்.

"முந்நூத்திப் பன்னெண்டு பேரைக் கேட்டேன். இருநூத்தி எழுபத்தோரு பேர் வேணும்னாங்க. தெருவாரியாப் பட்டியல் இருக்கு, எந்த வீட்டை வேணும்னாலும் போய்த் தட்டிக் கேக்கலாம்."

"அதைக் குடுங்க. எனக்கு அது போதும்" என்றார் ஆணையர். காப்பகத்துக்குப் பூட்டு விழவில்லை. மறுநாள் காலையும் அக்கா குட்டியை அங்கே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள். பகடையை மட்டும் அவனிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மண்டப வாசலில் ஐம்பது அறுபது பேர் கதவுதட்டியை வளைத்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பயபக்தியோடு கேட்டார்: "மேடம், இந்தப் பகடை முறைக்குப் பயிற்சி எப்ப ஆரம்பிக்கிறீங்க? மூணு நாளா, அஞ்சு நாளா? சான்றிதழ் உண்டுதானே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டீங்க, எத்தனை பேரைக் கேட்டீங்க, எதைக் கழிச்சீங்க? யார் வந்து எந்த உண்மையைச் சொன்னாலும் இந்த மூணையும் கேளுங்க. பயிற்சி முடிஞ்சுது."

அவர் மூன்றையும் அழகாக எழுதிக்கொண்டு, வலது கை மோதிர விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஐயா படித்தவர்களே, நீலக் கயிற்றை மணிக்கட்டில் கட்டியது ஆசான்தான், ஒப்புக்கொள்கிறோம். மூளையைக் கட்டிப்போட்டது யார்?