பொதுமலையில் ஊதியவர்கள்

அமெரிக்காவில் பிறந்தவன் ஒவ்வொருவனும் பிறக்கும்போதே மிராசுதார். எப்படியென்றால், மேற்கே உள்ள மலைகளில் பெரும்பகுதி அரசாங்கத்துக்குச் சொந்தம். அரசாங்கம் மக்களுக்குச் சொந்தம். ஆகவே மலை மக்களுக்குச் சொந்தம். கொலராடோவில் ஒரு சிறிய ஊரில், கவுன்ட்டி எனப்படும் மாவட்ட அலுவலகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில் வேலை பார்த்துவந்த வெண்டெல் ஸ்ட்ரவுட், ஐம்பதாவது வயதில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டின்போது இந்த உண்மையைக் கண்டடைந்தார். உடனே தன் சொத்தை நேரில் போய்ப் பார்ப்பது என்றும், அதில் மேயும் எல்க் மான் ஒன்றை வில்லால் அடிப்பது என்றும், இறைச்சியைத் தன் முதுகிலேயே சுமந்து இறங்குவது என்றும் தீர்மானித்தார். வழிகாட்டி கூடாது, வாடகைக் குதிரை கூடாது. எல்லாம் தன் கையால்.

சொத்துக்காரர் தன் சொத்தில் வேட்டையாட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். நல்ல பகுதிக்கு விண்ணப்பித்தால் முதல் வருஷம் மறுத்துவிடுவார்கள். மறுப்பு வீண்போகாது, அதற்கு ஒரு புள்ளி தருவார்கள். அடுத்த வருஷமும் மறுப்பு, இன்னொரு புள்ளி. போதுமான அளவு மறுக்கப்பட்டவருக்கே அனுமதி. வெண்டெல் இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவே இல்லை. வராந்தா கட்ட அனுமதி கேட்டு வந்தவர்களைப் பல வருஷம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர் அவர். மறுப்புக்குப் புள்ளி கொடுக்கலாம் என்று தனக்குத் தோன்றவில்லையே என்றுதான் வருந்தினார்.

ஒருவழியாக அனுமதி வந்தது. துணைக்கு மச்சினன் ராய்ஸ் சேர்ந்துகொண்டான். ராய்ஸுக்கு டயர் கடையில் வேலை. எல்க் வேட்டையைப் பற்றி ரேடியோவிலோ செல்போனிலோ வரும் பேச்சு எதையும் அவன் கேட்காமல் விட்டதில்லை. இதுவரை ஒரு எலியைக்கூட அடித்ததில்லை என்பது அவனுடைய ஞானத்துக்கு எந்த வகையிலும் இடைஞ்சலாக இல்லை.

"மச்சான், தன் கையால செய்யறதுன்னா சும்மாவா? சாமான் வேணும்" என்றான்.

சாமான் வந்தது. கப்பி வைத்த வில், கார்பன் நாரில் செய்த அம்பு, இலை அச்சடித்த சட்டை, இலை அச்சடித்த கால்சட்டை, இலை அச்சடித்த உள்ளாடை. உள்ளாடையை மான் பார்க்கும் நிலைமை எப்போது வரும் என்று வெண்டெலின் மனைவி லோர்னா கேட்டாள். இருவரும் அதை அவசரமாக மடித்துப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிறகு மனித வாடையைப் போக்கும் சோப்பு வந்தது. வெண்டெல் காலையும் மாலையும் அதைப் போட்டுக் குளித்தார்.

"கல்யாணமான நாளிலேர்ந்து நான் சொல்றேன், ஒழுங்கா குளின்னு. மான் சொன்னாத்தான் கேப்பியா நீ?" என்றாள் லோர்னா.

அதோடு விட்டதா? பெண் மானின் மூத்திரம் ஒரு சிறு குப்பியில் வந்தது. முதலில் வாடையைப் போக்கிக்கொண்டு, அப்புறம் இதைப் பூசிக்கொள்ள வேண்டுமாம்.

"அந்தக் குப்பி வாசப்படி தாண்டி உள்ள வந்துச்சுன்னா, நீ இந்த வருஷம் பூரா மலையிலதான் படுக்கணும்" என்றாள்.

கடைசியாக ஊதுகுழல். செப்டம்பரில் எல்க் கொம்பன் பெண்ணைத் தேடிக் கூவும். அதே மாதிரி கூவினால் எதிரிக் கொம்பன் சண்டைக்கு வரும். அடிவயிற்றில் தொடங்கி, துருப்பிடித்த கேட்டைத் திறப்பதுபோல உச்சிக்குப் போய், கடைசியில் நாலு உறுமலில் முடிக்க வேண்டும். வெண்டெலுக்கு உறுமல் வரவில்லை, இருமல்தான் வந்தது. விடாமல் பழகினார். அலுவலகம் போகும் வழியில் சிக்னலில் நின்றபோதெல்லாம் ஊதினார். பக்கத்துக் கார்க்காரர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள்.

மலையடிவாரத்தில் வண்டி நிறுத்த இடமில்லை. தனிமையைத் தேடி வந்தவர்களின் வண்டிகள் சாலை வரைக்கும் நின்றன. வனத்துறை அதிகாரி டஃபோயா என்ற பெண்மணி ஒவ்வொருவரின் அனுமதிச் சீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதாவது சந்தேகம் இருந்தா கேளுங்க சார்."

இதற்காகத்தான் வெண்டெல் காத்திருந்தார். "இளம் கொம்பனை அடிக்கக் கூடாது. கொம்புல ஒரு பக்கம் நாலு கிளை இருக்கணும், இல்லேன்னா நெத்திக் கிளை அஞ்சு அங்குலமாவது இருக்கணும். சரிதானே மேடம்? அந்த அஞ்சு அங்குலத்தை வளைவோட அளக்கணுமா, நேரா அளக்கணுமா?"

டஃபோயா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல இப்படி ஒருத்தர் கேட்டதில்ல சார். அளக்கறதெல்லாம் மான் செத்த பிறகுதான்."

"செத்த பிறகு அளந்து குறைஞ்சுதுன்னா?"

"அபராதம்."

"சாகறதுக்கு முன்னால எப்படி அளக்கறது?"

"கண்ணால."

"கண்ணு தப்பாச் சொல்லிடுச்சுன்னா?"

"அபராதம்."

வெண்டெலுக்கு மெய்சிலிர்த்தது. எந்தப் பக்கம் போனாலும் குடிமகன் மாட்டிக்கொள்கிற இவ்வளவு கச்சிதமான விதியை அவருடைய அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை. "நன்றி மேடம்" என்று மனப்பூர்வமாகச் சொன்னார்.

மலை ஏறினார்கள். பாரம் குறைய வேண்டும் என்பது ராய்ஸின் கொள்கை. சட்டைகளில் இருந்த லேபிள்களைக்கூட வெட்டியிருந்தான். ஆனால் மூட்டைக்குள் காப்பி அரைக்கும் இயந்திரம் இருந்தது. "கடையில அரைச்ச காப்பியைக் குடிச்சா மானத்தோட வாழ முடியாது மச்சான்" என்றான். முதல் மேட்டிலேயே வெண்டெலுக்கு மூச்சு வாங்கியது. இரண்டாவது மேட்டில், பொதுச் சொத்து இவ்வளவு செங்குத்தாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று நினைத்தார். மூன்றாவது மேட்டில் நினைப்பதையும் நிறுத்திவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே நின்று ஊதினார். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

பெண் மானின் குரல். மெல்லிசாக, கெஞ்சலாக.

ராய்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பிணைமான் மச்சான்! பிணை இருந்தா பின்னாடியே கொம்பன் இருக்கும். விடாதே, ஊது!"

வெண்டெல் ஊதினார். அன்றைக்கெல்லாம் ஊதினார், மறுநாளும் ஊதினார். அவர் உருகினால் அது கொஞ்சியது. அவர் அதட்டினால் அது அழுதது. அவருக்கே தெரியாமல் குரலில் காதல் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் காலை, அந்தக் குரல் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. வெண்டெல் அம்பை நாணில் பூட்டி, மண்டியிட்டு, முள்ளில் ஊர்ந்தார். எதிரே ஒரு புதர் அசைந்தது. நாணை இழுத்தார்.

புதர் தும்மியது.

"அடிச்சிடாதீங்க!" என்றது புதர். "நான் பல் டாக்டர்!"

இலை அச்சடித்த சட்டையில் ஒருவர் எழுந்து நின்றார். அவர் கையிலும் வில். அதிலும் அம்பு. வெண்டெல் நாணைத் தளர்த்தி அம்பைத் தரையில் வைத்தார். அப்புறம் தானும் தரையில் உட்கார்ந்தார். அந்தத் தும்மல் ஒரு நொடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மூவரும் மனசுக்குள் பார்த்தார்கள்.

முதலில் தெளிந்தவன் ராய்ஸ். "துப்பாக்கி வேட்டைக்காரன் மாதிரி, தூரத்துலேர்ந்தே தெரியற ஆரஞ்சுச் சட்டை போட்டுத் தொலைச்சா என்னய்யா?"

"நீங்க ஏன் போடல?" என்றார் வந்தவர். அவர் பெயர் பிரெண்டிஸ் ஓபர்க். விஸ்கான்சினிலிருந்து இரண்டு நாள் வண்டி ஓட்டி வந்திருக்கிறார்.

"வில்லுக்காரன் ஆரஞ்சு போட்டா அழகாவா இருக்கும்?"

"அதேதான் நானும் நினைச்சேன்."

வெண்டெல் தொண்டையைக் கனைத்தார். "மூணு நாளா அந்தப் பக்கத்திலேர்ந்து கூப்பிட்டது..."

"நான்தான். பிணைமான் மாதிரி." பிரெண்டிஸ் தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க திருப்பிச் சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுது. நேத்து சாயங்காலம் சொன்னீங்களே ஒண்ணு, அதுல எனக்கே கொஞ்சம் வெக்கமாப் போச்சு."

வெண்டெலின் முகம், வேட்டைக்காகப் பூசியிருந்த பச்சைச் சாயத்தையும் மீறிச் சிவந்தது.

அந்த நேரம் வடக்கு மேட்டில் ஒரு கொம்பன் கூவியது. ராய்ஸ் துள்ளி எழுந்தான். "அது ஒஹாயோ பசங்க" என்றார் பிரெண்டிஸ். தெற்கே இன்னொன்று கூவியது. "அது ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனுஷன். நேத்து அவரும் என்னைத் தேடிட்டு வந்தாரு." கீழே ஓடைப்பக்கம் மூன்று சேர்ந்தாற்போல் கூவின. "அது அப்பாவும் ரெண்டு பிள்ளைகளும். ஒருத்தரை ஒருத்தர் காணாம தேடறாங்க."

"இந்தப் பள்ளத்தாக்குல மான்னு ஒண்ணு இருக்கா இல்லையா?" என்று ராய்ஸ் கத்தினான்.

"கத்தாதேடா. மான் ஓடிடும்" என்றார் வெண்டெல்.

"எந்த மான் மச்சான்? நம்மளை விட்டா இங்க ஓடறதுக்கு யார் இருக்கா?"

"வரிசைப்படி பாத்தா, இங்க முதல்ல வந்தது நான். அதனால இந்த இடம் எனக்கு" என்று பிரெண்டிஸ் ஆரம்பித்தார். "பொது நிலத்துல முன்னுரிமைன்னு ஒண்ணு கிடையாது" என்று வெண்டெல் உத்தியோகக் குரலில் மறுத்தார். சத்தம் ஏறியது. ராய்ஸின் மூட்டையிலிருந்து காப்பி அரைக்கும் இயந்திரம் உருண்டது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அது வந்தது.

மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கொம்பன் தலையை நீட்டி, இவர்கள் என்ன சண்டை போடுகிறார்கள் என்று பார்த்தது. ஊதுகுழலும் இல்லை, குப்பியும் இல்லை. பழுப்பு உடம்பு, கறுத்த பிடரி, மூக்கிலிருந்து ஆவி. மூவரும் மூச்சை நிறுத்தினார்கள். வெண்டெலுக்குத்தான் கிட்டே. அம்பை எடுத்தார், பூட்டினார், இழுத்தார்.

கிளைகளை எண்ணினார். ஒரு பக்கம் மூன்று. மறுபக்கமும் மூன்று. நாலு இல்லை. நெற்றிக் கிளை? இருந்தது. ஐந்து அங்குலமா? காதோடு ஒப்பிட்டார். மான் காதை ஆட்டியது.

"அஞ்சு இருக்குமா?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"அடி மச்சான்!"

"நாலே முக்கால் மாதிரி தெரியுது."

"அப்ப டேப்பை எடுத்துட்டுப் போய் அதுகிட்டயே கேளு!"

வெண்டெலின் கைகள் நடுங்கின. கொம்பன் அவரை நேராகப் பார்த்தது. கவுன்ட்டி அலுவலகத்தில் யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. அவரிடம் எதுவும் கேட்காத பார்வை. பிறகு அதற்கு அலுத்துப்போயிற்று. திரும்பி, ஒரு சுள்ளிகூட முறியாமல், மரங்களுக்குள் போய்விட்டது.

நாணைத் தளர்த்திய வெண்டெல், "சட்டம்னா சட்டம்" என்றார். பல் டாக்டர் மரியாதையாகத் தலையசைத்தார். நெற்றிக் கிளை ஆறு அங்குலத்துக்குக் குறையாது என்பது வெண்டெலுக்குத் தெரியும். எத்தனையோ வருஷம் வரைபடங்களில் அங்குலம் பார்த்துப் பழகிய கண் அது. கை நடுங்கியதும், அந்த மிருகம் விழுவதைப் பார்க்க மனசு வராததும்தான் உண்மை. ஆனால் அதைச் சொல்ல விதியில் இடமில்லை.

மூட்டையைக் கட்டிக்கொண்டு மூவரும் சேர்ந்து இறங்கினார்கள். அடிவாரத்தில் டஃபோயா முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வெறுங்கையா சார்?"

"நெத்திக் கிளையில சந்தேகம் வந்துது. விட்டுட்டேன்."

"உங்களை மாதிரி பத்துப் பேர் போதும் சார், இந்த நாடு எங்கேயோ போயிடும். இருந்தாலும் ஒரு நல்ல சேதி. எங்க நிபுணர்கள் மேட்டுல உக்காந்து காதாலேயே கொம்பன்களை எண்ணினாங்க. இந்தப் பள்ளத்தாக்குல போன வருஷத்தைவிட மூணு மடங்கு!"

ராய்ஸ் வானத்தைப் பார்த்தான். பிரெண்டிஸ் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும்தான் கவலை. ஒரு கிழக் கொம்பன், கூவி முடிக்கும்போது இருமுதாம். நெஞ்சுல சளி. பனிக்காலத்தைத் தாண்டாதுன்னு நிபுணர்கள் அபிப்பிராயப்படறாங்க."

வெண்டெலுக்குச் சுருக்கென்றது. ஓர் அரசு ஊழியர் இன்னோர் அரசு ஊழியரைத் தவறான புள்ளிவிவரத்தோடு விடலாமா? வாயைத் திறந்தார்.

"அதனால அடுத்த வருஷம் இந்தப் பகுதிக்கு அனுமதிச் சீட்டும் மூணு மடங்கு" என்றார் டஃபோயா. "யாரும் காத்திருக்கவே வேண்டாம்."

வெண்டெல் வாயை மூடிக்கொண்டார்.

"விண்ணப்பம் எப்ப ஆரம்பம் மேடம்?" என்று பின்னாலிருந்து பிரெண்டிஸ் கேட்டார்.

வீட்டில் லோர்னா முழுக் கதையையும் கேட்டாள். கை நடுங்கியதைக்கூட வெண்டெல் அவளிடம் மறைக்கவில்லை. அந்த இடத்தில் அவள் சிரிக்கவில்லை. அவர் முதுகை ஒருமுறை தட்டிக்கொடுத்தாள். பேச்சு கணக்கெடுப்புக்கு வந்தபோதுதான் நிமிர்ந்தாள்.

"அது மான் இல்ல, நாங்கதான்னு அந்த அம்மாகிட்ட சொன்னியா?"

"சொல்லியிருப்பேன். ஆனா கணக்கு முடிஞ்சுபோச்சு லோர்னா. முடிஞ்ச கணக்கைத் திறந்தா எவ்வளவு பேருக்குச் சிரமம் தெரியுமா?"

"உனக்கு அடுத்த வருஷம் சீட்டு கிடைக்கணும், அதானே?"

"கிடைக்காம போனா அதுவும் ஒரு சிரமம்தானே" என்றார் வெண்டெல்.

அடுத்த செப்டம்பரில் வண்டிகள் நெடுஞ்சாலை வரைக்கும் நின்றன. ஒஹாயோ பையன்கள் ஊரையே கூட்டி வந்திருந்தார்கள். வாத்தியார் வந்திருந்தார், பல் டாக்டர் தன் கிளினிக் ஆட்களோடு வந்திருந்தார். வெண்டெல் இருமல் வராத புதுக் குழலோடு ஏறினார். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை பள்ளத்தாக்கே அதிர்ந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்த நிபுணர்கள் எண்ணி எண்ணி ஓய்ந்து, கொம்பன்களின் பொற்காலம் பிறந்துவிட்டதாக அறிவித்தார்கள். போன வருஷத்துக் கிழக் கொம்பன் சிகிச்சை ஏதுமின்றிக் குணமடைந்ததை நிர்வாகத்தின் சாதனையாகத் தனியே குறிப்பிட்டார்கள். உண்மையான எல்க் எத்தனை மிச்சம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் அப்போது ஊதிக்கொண்டிருந்தார்கள்.