எழுபத்திரண்டு கட்டிச் சவுக்காரம்

தேயிலைத் தோட்டத்துப் பெண்களைக் கைத்தொழிலில் முன்னேற்றியே தீருவது என்று 1954இல் கொழும்பில் ஒரு மேசையில் தீர்மானமாயிற்று. அதை நிறைவேற்ற டயகம தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர், சோப்பு என்கிற சவுக்காரம் செய்யக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அதிகாரி கணேசமூர்த்தி. கூடவே ஆறு றாத்தல் தேங்காய் எண்ணெயும் ஆறு றாத்தல் காஸ்டிக் சோடாவும் வந்தன.

தோட்டப் பள்ளிக்கூடத்து சுகிர்தம் டீச்சரை உதவிக்குப் போட்டார்கள். கண்டியில் படித்த காலத்தில் ரசாயனப் பாடத்தை ஒழுங்காகப் படித்துத் தொலைத்தவள் அவள். காஸ்டிக் டின்னைப் பார்த்ததுமே மனக்கணக்குப் போட்டுவிட்டாள். இவ்வளவு எண்ணெய்க்கு ஒரு றாத்தல் காஸ்டிக்கே போதும், எண்ணெய் தீர்ந்ததோடு சவுக்காரம் ஆவதும் நின்றுவிடும், மிச்சம் ஐந்தும் காஸ்டிக்காகவே கிடந்து கையை அரிக்கும் என்று பணிவாகச் சொன்னாள்.

கணேசமூர்த்தி பொறுமையாகக் கேட்டார். இலாகா எந்தப் பொருளுக்கும் ஓரவஞ்சனை செய்வதில்லை, அதனால்தான் சரிசமமாக அனுப்பியிருக்கிறது என்றார். தண்ணீர் ஆறு றாத்தலும் சேர்ந்தால் மொத்தம் பதினெட்டு. கால் றாத்தல் கட்டியாக எழுபத்திரண்டு. மேலிடம் ஒப்புக்கொண்ட கணக்கு.

"அப்ப மிஞ்சுற காஸ்டிக்கு?"

"அரசாங்கப் பொருள் மிஞ்சக்கூடாது டீச்சர். மிஞ்சினா விசாரணை வரும். அதனால எல்லாம் சவுக்காரமாத்தான் ஆகணும்."

எழுபத்திரண்டு கட்டியும் வந்தன. பயிற்சி பெற்ற முப்பத்தாறு பெண்களுக்கும் ஆளுக்கு இரண்டு. ஒரு கிழமை ஆவதற்குள் அவர்களில் ஒருத்தியான வேலாயி கையை விரித்துக்கொண்டு வந்து நின்றாள். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"அழுக்கு நல்லாத்தான் போகுது டீச்சர். கூடவே நாங்களும் போறோம்."

கொழுந்து கிள்ள முடியாமல் மலையில் பாதிப் பேர் நின்றார்கள். கங்காணி கத்தினார். சுகிர்தம் வீட்டிலிருந்த எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு அவர்கள் குடியிருந்த லயம் லயமாகப் போய்த் தடவிவிட்டாள். சவுக்காரத்துக்குப் போதாத எண்ணெய் இப்படித்தான் வந்து சேர வேண்டுமா என்று அவளுக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கணேசமூர்த்தி, பயிற்சிக்கு வந்தவர்களைப் பதியும் வரவுப் பத்திரத்தோடு வந்தார். முப்பத்தாறு பெருவிரலும் மையில் தோய்ந்து காகிதத்தில் பதிந்தன. முப்பத்தாறும் வெறும் கறுப்புப் பொட்டுகள். ஒரு ரேகைகூட இல்லை. ரேகை இல்லாதவர் சமுகமளித்தவராகக் கருதப்படார் என்று விதி இருந்தது. கையெழுத்துப் போட்ட சுகிர்தம் மட்டுமே பயிற்சிக்கு வந்தவளானாள்.

இரண்டு மாதம் கழித்து நீள உறையில் கடிதம் வந்தது. தனியொருவராக எழுபத்திரண்டு கட்டி செய்த டீச்சருக்கு இலாகாவின் பாராட்டு. வராத முப்பத்தாறு பேரும் ஏன் வரவில்லை என்பதை எழுத்தில் தெரிவித்து, பெருவிரல் அடையாளம் வைத்து உடனே அனுப்ப வேண்டும்.

உண்மையை எழுதினால் இன்னொரு அதிகாரி வருவார் என்று எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வேலாயி காய்ச்சல் என்றாள். அம்மாக்கண்ணு தங்கச்சி கல்யாணம் என்றாள். சுகிர்தம் ஒன்று விடாமல் எழுதி, அடியில் சாட்சியாகத் தானும் ஒப்பமிட்டாள்.

அதற்குள் புதுத் தோல் வளர்ந்திருந்தது. ரேகைகள் கோலம் போட்டதுபோல அவ்வளவு தெளிவாக விழுந்தன. அவர்கள் யாரும் வரவில்லை என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாயிற்று.