சுருளாயி பத்துப் பேரான கதை

ஒரு காட்டில், சிங்கம் பணி ஓய்வு பெற்று எல்லா வேலையையும் அலுவலகங்களிடம் தள்ளிவிட்ட காலத்தில், சுருளாயி என்றொரு மலைப்பாம்பு இருந்தாள். பாவம், அவளுக்கு முதுகில் பிடிப்பு. வேறு நாளாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்திருப்பாள். ஆனால் முந்தின நாள்தான் பதினெட்டு முட்டை இட்டிருந்தாள். சுற்றிச் சுருண்டு சூடு கொடுக்காவிட்டால் மலைப்பாம்புக் குஞ்சு பொரியுமா? இவளோ விறகுக்கட்டை மாதிரி நீட்டிக்கொண்டு கிடந்தாள். அழுகை அழுகையாக வந்தது. முட்டைகளைச் சருகால் மூடிவிட்டு, வனவிலங்கு முதுகெலும்பு ஆராய்ச்சி மற்றும் நோயாளர் ஆதரவு மையத்துக்கு ஊர்ந்தாள்.

அதன் இயக்குநர் ஈட்டிமுத்து ஒரு முள்ளம்பன்றி. பேனா வேண்டுமென்றால் முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்வார்.

"எந்த எலும்புல வலி?"

"இருநூத்திப் பன்னிரண்டாவதுங்கய்யா."

ஈட்டிமுத்து படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஏதோ மனிதர் ஆஸ்பத்திரியிலிருந்து காற்றில் பறந்து வந்த படிவம் அது. "இதுல முதுகுக்கு முப்பத்துமூணு எலும்புன்னு முப்பத்துமூணு கட்டம்தான் இருக்கு. அதுக்கு மேல வலிக்க விதியில்லையே, தாயி."

"எனக்கு முதுகுல முன்னூத்தி முப்பது எலும்புங்க!"

"இருக்கட்டும். பத்து நோயாளி சேர்ந்தாத்தான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி தொடங்கினாத்தான் ஆதரவு. நீ ஒருத்தி. போயி இன்னும் ஒன்பது பேரைக் கூட்டிட்டு வா."

சுருளாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கே முட்டை ஆறிக்கொண்டிருக்கிறது, இங்கே இந்த ஆள் தலை எண்ணுகிறார்! கோபம் வந்தால் அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

"ஐயா, முப்பத்துமூணு எலும்புக்கு ஒரு நோயாளிதானே?"

"ஆமா."

"அப்ப நான் பத்துப் பேர். எழுதுங்க!"

ஈட்டிமுத்துவுக்கு வாயெல்லாம் பல். மையம் திறந்த நாளிலிருந்து பத்துப் பேர் சேர்ந்ததே இல்லை. மளமளவென்று பத்துப் படிவம் எழுதி, பத்து டோக்கன் கிழித்தார்.

"முதல்ல ஆதரவுக் குழுக் கூட்டம். எல்லாரும் வட்டமா உக்காருங்க. முதலாமவர் பக்கத்துல பத்தாமவர் இருக்கணும்."

தலை வந்தது. வால் வரவில்லை.

"ஏழாமவர் மடங்க மாட்டேங்கிறாருங்க," என்று முனகினாள் சுருளாயி.

"மத்தவங்க ஆறுதல் சொல்லுங்க!"

"எல்லாம் சரியாப் போயிரும்ப்பா," என்று தன் முதுகுக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"சரி, பத்தாமவர் கையெழுத்தையாவது போடட்டும்," என்று ஈட்டிமுத்து ஒரு முள்ளை நீட்டினார். அது வாலில் சுருக்கென்று ஏறியது.

"அய்யய்யோ!" என்று துள்ளினாள் சுருளாயி. கடக்! இருநூற்றுப் பன்னிரண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. வால் சுழன்று வந்து அவள் மூக்கிலேயே இடித்தது.

"சுருண்டுட்டேன்! சுருண்டுட்டேன்!" என்று கூத்தாடியபடி வாசலுக்குப் பாய்ந்தாள்.

"நில்லுங்க! பாக்கி ஒன்பது பேரை இன்னும் பார்க்கவே இல்லையே?"

"அவங்களுக்கு முதல்லேருந்தே வலி இல்லீங்க!"

"அடேயப்பா! சிகிச்சைக்கு முன்னாடியே ஒன்பது பேர் குணம்!" என்று ஈட்டிமுத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார்.

முட்டைகள் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தன. சுருளாயி பதினெட்டையும் சுற்றி மூன்று சுற்றுச் சுருண்டு, சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள்.

மையத்துக்கு அன்று சாயங்காலம் இடுப்புப் பிடித்த சருகுமான் ஒன்று நொண்டிக்கொண்டு வந்தது. "என்னையும் பாருங்கய்யா."

"நீ மொத்தமே ஒருத்திதானேம்மா," என்று கதவைச் சாத்தினார் ஈட்டிமுத்து.

நீதி: ஒருவருக்கு வந்தால் அது வெறும் வலி, பத்துப் பேருக்கு வந்தால்தான் நோய். ஆகையால் பிள்ளைகளே, பிறக்கும்போதே நீளமாகப் பிறந்துவிடுங்கள்.