அத்தானுக்கு நீ போட்ட குல்லா

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் ஸ்க்ரூடிரைவர்களும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காகக்கூட அதை எழுத இன்று எனக்குக் கை வரவில்லை. கை என்றதும் ஞாபகம் வருகிறது, உன் அத்தானுடைய இரண்டு கைகளும் இன்னும் மாவுக்கட்டில்தான் இருக்கின்றன. அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எலும்பு, தானாகக் கூடிவிடும். இந்தக் கடிதம் அவருடைய தலையைப் பற்றியது.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்புகிறாய். ஆகவே காகிதத்தில் எழுதுகிறேன். இதற்கும் கட்டைவிரல்தான் வைப்பாய் என்றால் மை தடவிக்கொண்டு வை, அந்தச் சிரமமாவது உனக்கு இருக்கட்டும்.

ஃபேனைத் துடைக்கிறேன் என்று உன் அத்தான் ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக விழுந்தது உனக்குத் தெரியும். கட்டு காய்வதற்குள் ஆபீசிலிருந்து மேனேஜர், ‘லீவு தீர்ந்துவிட்டது, வீட்டிலிருந்தே பாருங்கள், உங்கள் வேலைக்குக் கை எதற்கு, பார்த்து க்ளிக் செய்தால் போதுமே’ என்றார். பார்சல் கம்பெனியில் தொலைந்த பார்சல் பிரிவு. யாருடைய பெட்டி எங்கே போயிற்று என்று திரையில் புகார் வரும், இவர் படித்துப் பார்த்து ‘தேடு’, ‘கிடைத்தது’, ‘கைவிடு’ என்று மூன்றில் ஒன்றை அமுக்க வேண்டும். க்ளிக் செய்யக் கை வேண்டும் என்று அந்த மேனேஜருக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் பார்த்து நீ வந்தாய். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவன் பழம் வாங்கி வருவான் என்று பார்த்தால், மாடிப்படி ஏறுகிறபோதே கீழ்வீட்டு டெய்லரிடம் ‘ரெண்டு நாள்ல குடுத்துடறேன் சார்’ என்று அவருடைய கேம் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு வந்தாய். டி.வி.யில் பந்து உதைக்கிற, ஒயர் இல்லாத அந்தச் சாமானை என் சாப்பாட்டு மேஜையில் போட்டுக் குடலை உருவுவது மாதிரி உருவினாய். சாய்ச்சா சாய்க்கறது தெரியுமாம், திருப்பினா திருப்பறது தெரியுமாம், அதுக்குள்ள அப்படி ஒரு சில்லு இருக்காம். ‘கவலையை விடுக்கா, அத்தான் இனிமே தலையாலயே கம்ப்யூட்டர் ஓட்டுவார்’னு சொல்லிட்டு, நான் ஆசையா பின்னி வெச்சிருந்த கம்பளிக் குல்லாவை எடுத்து அதுக்குள்ள அந்தச் சில்லையும் பேட்டரியையும் வெச்சுத் தெச்சே. குல்லா போடறதுன்னா நம்ம பேச்சுல என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியும். ஊர்ல அதை வாயால போடுவாங்க. நீ ஊசி நூலெல்லாம் எடுத்து, சொந்த அத்தான் தலையிலயே நெஜமா போட்டுட்டுப் போயிட்டே.

தலை திரும்பின பக்கம் அம்புக்குறி போகும். தலையை மேலயும் கீழயும் ஆட்டினா க்ளிக். பக்கவாட்டுல ஆட்டினா ‘வேணாம், மூடு’. இதுதானே உன் கண்டுபிடிப்பு? ஏண்டா, நான் தெரியாமத்தான் கேக்கறேன், உலகத்துல எத்தனை கோடி மனுஷங்க இருக்காங்க. தலையாட்டினா க்ளிக்குன்னு ஒரு மெஷினைச் செஞ்சு அதைப் போயும் போயும் உன் அத்தானுக்கா மாட்டுவே? அவர் எதுக்குத்தான் தலையாட்ட மாட்டார்? பேப்பர் போடறவர் இன்னிக்கு மழைன்னா ஆட்டுவார், கூடவே வந்த பால்காரர் எங்க மழைன்னா அதுக்கும் ஆட்டுவார். நம்ம சித்தப்பா பஸ்ஸைத் தவறவிட்ட கதையை வருஷத்துக்கு நாலு தடவை சொல்வாரே, ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்கறமாதிரி ஆட்டுவார். ஆபீஸ்ல ‘இதையும் நீங்களே பாத்துடுங்க’ன்னு யார் எதை நீட்டினாலும் ஆட்டுவார், அப்படித்தான் பக்கத்துச் சீட்டு, எதிர்ச் சீட்டு எல்லார் வேலையும் இவர் தலையில விடிஞ்சுது. ஏன், நம்ம வீட்டுலயே திரைச்சீலை பச்சையா நீலமான்னு கேட்டா ஆட்டுவார். எதுக்கு ஆட்டினார்னு நான் முடிவு பண்ணிப்பேன். அப்படித்தான் குடும்பம் ஓடிச்சு, நீ வர்ற வரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சு.

இதுல அந்த அதிர்வு வேற. க்ளிக் ஆச்சுன்னு அவருக்குத் தெரியணுமாம், அதுக்காகக் கன்ட்ரோலர்ல இருந்த குட்டி மோட்டாரையும் உள்ள வெச்சே. ஒவ்வொரு க்ளிக்குக்கும் உச்சந்தலையில ‘கிர்ர்’ருங்குது. உன் அத்தான் கண்ணை மூடிக்கிட்டு ‘நல்லாத்தான் இருக்கு’ங்கறார். நல்லா இருக்குன்னு சொல்லும்போது ஒரு ஆட்டு, அதுக்கு ஒரு கிர்ர், அந்தச் சுகத்துக்கு இன்னொரு ஆட்டு. நீ பஸ் ஏறின மறுநாளே ஆரம்பிச்சுது. ரேடியோவுல பாட்டு வந்துச்சு, இவர் தாளத்துக்குத் தலையாட்டினார், ஒரே புகார் திரை முழுக்கத் திறந்து திறந்து கம்ப்யூட்டர் மூச்சுத் திணறி நின்னு போச்சு. அப்புறம் ஒருத்தர் வாங்கின தொட்டில், கோடவுன்ல பத்திரமா கிடைச்சுடுச்சு, ‘கிடைத்தது’ன்னு அமுக்க வேண்டியதுதான் பாக்கி, அந்த நேரம் பாத்து நான் போய் ‘பாத்ரூம்ல தண்ணி போகமாட்டேங்குது’ன்னேன், இவர் என் பக்கம் திரும்பித் தலையாட்டினார், தொட்டில் ‘கைவிடப்பட்டது’. அது போய்ச் சேர்றதுக்குள்ள அந்த வீட்டுக் குழந்தை நடக்க ஆரம்பிச்சுடும். அதையாவது விடு. கூட வேலை பாக்கறவரோட அப்பா தவறிட்டார்னு ஆபீஸ் குழுவுல செய்தி வந்துது. இவர் இளகின மனுஷன், அடடான்னு தலையைக் குனிஞ்சார். அம்புக்குறி எங்க நின்னுதோ, விழுந்து விழுந்து சிரிக்கற முகம் போயிடுச்சு. பதறிப்போய் ஐயோன்னு தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கிட்டார், வரிசையா இன்னும் நாலஞ்சு முகம் சிரிச்சுக்கிட்டே போச்சு. அந்த மனுஷன் இன்னிக்கு வரைக்கும் எங்ககிட்டப் பேசல. நான் அந்த வீட்டம்மாவுக்குப் போன் பண்ணி, எங்க வீட்டுக்காரர் சிரிக்கலைங்க, குல்லாதான் சிரிச்சுதுன்னு சொன்னா, அவங்க போனை வெச்சுட்டாங்க.

சாயந்தரமானா டெய்லர் கதை. அந்தச் சில்லு பழைய முதலாளியையும் மறக்காது, புது முதலாளியையும் மறக்காதாம், இதை நீ எங்ககிட்டச் சொல்லவே இல்ல. அவர் கடையை மூடிட்டு வந்து, இன்னொரு கன்ட்ரோலரை எடுத்து டி.வி.யில பந்தாட்டத்தைப் போட்டாப் போதும், இங்க அம்புக்குறி செத்துப்போகும், குல்லா கீழ்வீட்டுக்கு வேலைக்குப் போயிடும். நான் மேல ‘துணி நனையுதுங்க’ன்னு சொல்ல, இவர் தலையாட்ட, கீழ டெய்லரோட கோல்கீப்பர் குப்புற விழுவான். கழுத்துல இஞ்ச் டேப்போட அவரே மேல ஏறி வந்துட்டார். ‘அம்மா, தப்பா நினைக்காதீங்க, நான் ஆடி முடிக்கற வரைக்கும் சார் எதையும் ஒத்துக்காம இருந்தா நல்லா இருக்கும்’னார். இவர் ‘சரி’ன்னு தலையாட்டினார். கீழ இன்னொரு கோல்.

இதெல்லாம் சிரிச்சுத் தொலைக்கற விஷயம்டா. போன செவ்வாய்க்கிழமை நடந்ததைக் கேளு, அப்புறம் சிரி பாக்கலாம். ஆபீஸ்ல ஆளைக் குறைக்கறாங்க. விருப்ப ஓய்வாம். வேண்டாதவனை அனுப்பறதுக்கு வெச்சிருக்கற பேரைப் பாரு. எல்லாரையும் திரையில கூப்பிட்டு உக்கார வெச்சு மேனேஜர் பேசினார். பேசி முடிச்சதும் ஒவ்வொருத்தர் திரையிலயும் ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’ன்னு ரெண்டு கட்டம். நான் சமையலறையில இருந்தேன். வந்து பாக்கறேன், ‘தங்கள் சம்மதம் பதிவாகிவிட்டது, நன்றி’ன்னு திரையில நிக்குது, இவர் குல்லாவும் தலையுமா அசையாம உக்காந்திருக்கார். ‘என்னங்க பண்ணீங்க? கை எப்படியிருக்குன்னு மேனேஜர் கேட்டாரா, அதுக்கு ஆட்டினீங்களா?’ன்னேன். ஆட்டினார். ‘உறுதியான்னு இன்னொரு தடவை கேட்டிருக்குமே, அதுக்கு எப்படி ஆட்டினீங்க? சாப்பிட்டாச்சான்னு ஏதாவது கேட்டாரா?’ன்னேன். அதுக்கும் ஆட்டினார். பாத்தியா? ஒரு மனுஷன் நலம் விசாரிக்கறான், இன்னொரு மனுஷன் மரியாதைக்குத் தலையாட்டறான், அதுல ஒரு வேலை போயிடுது. இருபத்தஞ்சு வருஷ வேலைடா. இந்த வீட்டுல அடுப்பெரியறது அந்தச் சம்பளத்துல. இவருக்கு வேற ஒண்ணும் தெரியாது. ஊரார் தொலைச்சதைத் தேடத் தெரியும், அவ்வளவுதான். நாளைக்கு இவர் ஜன்னலோரமா உக்காந்து போற வர்ற வண்டிக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டு இருக்கறதை நான் பாக்கணுமா? உன் விளையாட்டுச் சாமானுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா? வயிறெரியுதுடா எனக்கு.

நான் சும்மா இருப்பேனா? ஆபீஸ்ல பணியாளர் பிரிவு அம்மாவுக்குப் போன் போட்டு ஒரு மூச்சு அழுதேன். அவங்க நல்லவங்க. ‘கருவிக் கோளாறுன்னு அதைச் செஞ்சவரே கையெழுத்துப் போட்டு எழுதிக் குடுத்தா, வர்ற சனிக்கிழமைக்குள்ள ரத்து பண்ணிடலாம்’னாங்க. ஆகவே நீ செய்யவேண்டியது ஒன்றுதான். இதைப் படித்து முடித்த கையோடு மேனேஜருக்கு எழுது. உனக்கு எழுத வராது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்: ‘ஐயா, நான் செய்த குல்லா பழுதுள்ளது. என் அத்தான் பழுதில்லாதவர். அவர் எதற்கும் சம்மதிக்கவில்லை, வெறுமனே தலையாட்டினார்.’ கீழே கையெழுத்து. ஜோக்கு எதுவும் சேர்க்காதே, படம் போடாதே. எழுதி அனுப்பிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்து, அந்தச் சில்லைப் பிரித்து டெய்லரிடம் கொடுத்துவிட்டு, என் குல்லாவை எனக்குக் கொடுத்துவிட்டுப் போ. அதுவரை நீ எனக்குத் தம்பி இல்லை, நான் உனக்கு அக்கா இல்லை. சனிக்கிழமை தாண்டினால் எப்போதுமே இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு ஒயரைத் தொடாதே. நீடூழி வாழ்ந்து, நல்ல புத்தி வந்து, அந்தப் புத்தியை உன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுகமாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோபம் தணியாத
அக்கா

பி.கு.: எழுதினதை உன் அத்தானுக்கு ஒரு தடவை படிச்சுக் காட்டினேன். குல்லாவைக் கழட்டித்தான் வெச்சிருந்தேன். கோல்கீப்பர் விழற இடத்துல சிரிச்சார். மேனேஜர் கை எப்படியிருக்குன்னு கேட்ட இடம் வந்ததும் ‘இல்ல’ன்னார். அவர் வாயில இந்த வார்த்தை வந்து எவ்வளவு நாளாச்சோ, எனக்குக் காதுல சரியா விழலையோன்னு, ‘என்ன இல்ல?’ன்னேன்.

‘அவர் கேக்கவே இல்ல. கையைப் பத்தியும் கேக்கல, சாப்பாட்டைப் பத்தியும் கேக்கல. நீதான் கேட்டாரான்னே. நான் ஆமான்னுட்டேன்.’

‘அப்ப எதுக்கு ஆட்டினீங்க?’

‘படிச்சுப் பாத்துத்தான் ஆட்டினேன். எனக்குப் போதும்னு தோணுச்சு. உறுதியான்னு கேட்டுச்சு. உறுதின்னு இன்னொரு தடவை ஆட்டினேன்.’ அப்புறம், ‘இத்தனை வருஷத்துல என்னை ரெண்டாவது தடவை கேட்டது அது ஒண்ணுதான்’னார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. சம்பளத்துக்கு என்ன பண்ணப்போறோம்னு கத்தினேன். ‘தெரியல’ன்னார், அதுவும் வாயாலதான். நான் எழுந்து போய்ச் சமையலறையில நின்னு அழுதேன், எதுக்குன்னு கேக்காதே.

மேனேஜருக்கு எதுவும் எழுதாதே. வரவும் வேணாம். குல்லா இருக்கட்டும், பேட்டரி தீரப்போகுது, புதுசு ஒண்ணு மட்டும் அனுப்பு. திட்டினதை அடிக்கல, மத்ததுக்கு வெச்சுக்கோ. மத்தியானம் சாப்பாடு ஊட்டிவிடும்போது ‘இன்னொரு வாய்?’னு கேட்டேன். தலையாட்டினார். நான் ஸ்பூனைக் கீழ வெச்சுட்டு ‘நெஜமாவா?’ன்னேன். வேணாம்னுட்டார்.